பாட்டும் பேச்சும் படமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



  அரை மணிக்கு மேல் போகவேண்டாம் என்று செயலாளர் அவர்கள் அன்புடன் கூறியிருக்கிறார்கள். கூறிவிட்டுக் கைக்கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பின்னே கோலாட்டமும் நாடகமும் இருக்கின்றன. ஆகவே முகவுரையை இத்துடன் நிறுத்திக்கொண்டு பொருளுக்கு வருகிறேன்.

நம் சங்கம் ஆண்டுதோறும் எட்டு நிகழ்ச்சிகள் நடத்தி வருகிறது. கச்சேரிகள் நான்கு, சொற்பொழிவுகள் இரண்டு, படக்காட்சிகள் இரண்டு. வரவு செலவுக் கணக்கைப் பார்த்த அன்பர்கள் சிலர் ஒரு யோசனை கூறியிருக்கிறார்கள். சொற்பொழிவுக்கு முப்பது பேர்கூட வருவதில்லை. படம் என்றால் அவரவர் கைப்பேசியிலேயே ஆயிரம் படங்கள் கிடைக்கின்றன. ஆகவே இவ்விரண்டையும் நிறுத்திவிட்டு, சிறு கச்சேரிகளையும் விட்டுவிட்டு, மிஞ்சும் பணத்தையெல்லாம் திரட்டிச் சென்னையிலிருந்து பெரும்புகழ் பெற்ற வித்துவான் ஒருவரை வரவழைத்து, ஆண்டுக்கு ஒரே கச்சேரியாகச் சிறப்புற நடத்திவிடலாம் என்பது அவர்கள் கருத்து. அடுத்த பொதுக்குழுவில் இது முடிவுக்கு வர இருக்கிறது. யோசனை கூறியவர்கள் சங்கத்தின்மீது என்னைக்காட்டிலும் அக்கறை உடையவர்கள். அவர்களுள் சிலர் இச்சங்கத்துக்காக நாற்காலி சுமந்தவர்கள். ஆயினும் இந்த யோசனை எனக்கு உடன்பாடு அன்று. அதன் காரணத்தைச் சொல்ல, இம் மும்பை மாநகரிலேயே உள்ள ஒரு கலைமன்றத்தின் வரலாற்றைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

தென் மும்பையில் நரிமன் பாயிண்டின் கோடியில், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தின்மேல் நிற்கிறது தேசிய நிகழ்த்துகலை மையம். என்.சி.பி.ஏ. என்ற நான்கு எழுத்துகளாலேயே ஊரார் அதனை அறிவர். அணு விஞ்ஞானி ஹோமி பாபாவின் தம்பியாகிய ஜாம்ஷெட் பாபா, டாட்டா குடும்பத்து அறக்கட்டளைகளின் ஆதரவோடு அதனை உருவாக்கினார். 1969-ஆம் ஆண்டில் அது தொடங்கப்பெற்றபோது இப்பொழுது நாம் காணும் மாளிகைகள் ஒன்றும் இல்லை. புலாபாய் தேசாய் சாலையில் ஒரு கட்டடத்தில் சிறியதோர் அரங்கம், அவ்வளவே. பத்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சிறிய இடத்தில்தான் கச்சேரி நடந்தது, பேச்சு நடந்தது, ஒலிப்பதிவு நடந்தது, ஆராய்ச்சி நடந்தது. அகில இந்திய வானொலியின் தலைமை இயக்குநராக இருந்த வி.கே. நாராயண மேனன் பின்னர் இம்மையத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றார். சங்கீதத்தைக் கேட்கவும் தெரிந்தவர், அதைப் பற்றி எழுதவும் தெரிந்தவர் அவர். பெரிய மண்டபம் வந்தபின் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பெரிய மண்டபம் 1980-இல் வந்தது. டாட்டா தியேட்டர் என்று அதற்குப் பெயர். இருக்கைகள் 1,010. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சன் அதனை வரைந்தார். ஒலியமைப்பை வகுத்தவர் சிரில் ஹாரிஸ்; நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பரா மாளிகைக்கு ஒலியமைப்புச் செய்தவரும் அவரே. இவ்வரங்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் மண்டபத்தில் மின்விசிறியின் ஓசைக்கும் ஒலிபெருக்கியின் வீறிடலுக்கும் நடுவே வயலின் கேட்டுப் பழகிய நமக்கு அதிலே கற்கவேண்டியது உண்டு.

ஒரு மண்டபத்தில் எழும் ஓசை சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பித் தேய்ந்து மறையச் சிறிது நேரம் ஆகிறது. மேல்நாட்டுப் பெருவாத்தியக் குழுவின் இசைக்கு அந்த நேரம் ஏறக்குறைய இரண்டு நொடி இருந்தால்தான் நூறு வாத்தியங்களும் ஒன்றாய்க் கலந்து நிறைவாய் ஒலிக்கும். பேச்சுக்கோ ஒரு நொடிக்கு மேல் இருந்தால் சொல்லின்மேல் சொல் விழுந்து பொருள் குழம்பும். நம் சங்கீதம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. தம்பூராவின் நாதம் சற்றே மிதக்கவும் வேண்டும். வீணையின் ஒரு மீட்டில் தோன்றி மறையும் கமகம் ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கவும் வேண்டும். இதையெல்லாம் கருதி, ஒலிபெருக்கி இல்லாமலே கேட்கும்படியாக அவ்வரங்கை அமைத்தார்கள். மேடையைச் சுற்றி விசிறிபோல் இருக்கைகள் விரிந்திருப்பதால் மேடைக்கும் கடைசி வரிசைக்கும் தொலைவு மிகுதியில்லை. பாடுகிறவரின் கண்ணும் ஆடுகிறவரின் முகபாவமும் தெரியும் எல்லைக்குள் ரசிகன் இருக்கிறான்.

இது மேல்நாட்டாரிடம் கடன் வாங்கிய கொள்கை என்று எண்ணவேண்டா. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைதோறும் தம் வீட்டில் வீணை வாசித்த காலத்தில், சிறு கூடத்தில் மூச்சடக்கி அமர்ந்து கேட்டவர்களுள் பெரிய வித்துவான்களே பலர். ஒலிபெருக்கி அங்கே ஏது? கேட்கும் காதும் மீட்டும் விரலும் அருகருகே இருந்தன. ஆயிரம் பேருக்கு அந்தக் கூடத்தின் நெருக்கத்தைக் கொடுக்க முடியுமா என்பதே 1980-இல் அக்கட்டடக் கலைஞர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி என்று நான் பொருள்கொள்கிறேன்.

ஒரே அரங்கம் எல்லாவற்றுக்கும் ஆகாது என்பதையும் அவர்கள் உணர்ந்தார்கள். முந்நூறு பேருக்குச் சோதனை நாடக அரங்கு ஒன்று, நூற்றுச் சொச்சம் பேருக்குச் சிற்றரங்கு ஒன்று, நடனத்திற்கென ஓர் அரங்கு என்று பெருக்கினார்கள். ஆப்பராவுக்கும் பெருவாத்தியக் குழுவுக்கும் ஏற்றதாக எழுந்த மற்றொரு பேரரங்கம், முடியும் தறுவாயில் 1997-இல் தீக்கிரையாயிற்று. மறுபடியும் கட்டி 1999-இல் திறந்தார்கள். அதற்கு 1,109 இருக்கைகள். ஜாம்ஷெட் பாபா தியேட்டர் என்பது அதன் பெயர். நம்மவர் நன்கறிந்த ஷண்முகானந்த சபைக்கும் இத்தகைய சோதனை நேர்ந்தது. 1952-இல் தோன்றிய அச்சபையின் பெருமண்டபம் 1990-இல் எரிந்து, 1998-இல்தான் மீண்டும் திறந்தது. எட்டாண்டுக் காலம் மண்டபம் இல்லாதபோதும் சபை மறைந்துவிடவில்லை. மண்டபம் வேறு, அதற்கு வரும் மக்கள் வேறு. மக்கள் கலையாமல் இருந்தால் மண்டபத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

அந்த மக்களை எவ்வாறு சேர்ப்பது, சேர்ந்தவர்களை எவ்வாறு வைத்துக்கொள்வது என்பதிலேதான் இருக்கிறது நம் வழக்கு.

என்.சி.பி.ஏ.யின் ஒரு பருவத்து நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு நாள் இந்துஸ்தானி கயால், மற்றொரு நாள் மராத்தி நாடகம், அதையடுத்துப் பியானோ, பிறகு நாட்டியம், ஒரு மாலை யாரோ ஒரு பேராசிரியர் வந்து ஒரு ராகத்தைப் பற்றியோ ஒரு காலத்தைப் பற்றியோ பேசுவார், வேறொரு மாலை திரைப்படம். 2006-இல் தொடங்கிய இந்திய சிம்பொனி வாத்தியக் குழுவின் இருப்பிடமும் அதுவே. நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பராவையும் லண்டன் தேசிய நாடக மன்றத்தின் நாடகங்களையும் திரையில் காட்டி வந்திருக்கிறார்கள். முதலில் இந்நிரலைக் கண்டபோது இதென்ன, பலசரக்குக் கடைபோல் இருக்கிறதே என்றுகூட எனக்குத் தோன்றியது. பல ஆண்டுகள் போய்வந்தபின் வேறொன்று புலப்பட்டது. நாடகத்துக்கு வந்தவர் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுச் சிதார் கேட்க வருகிறார். படம் பார்க்க வந்த மாணவன், படத்தில் கண்ட நாட்டியத்தை நேரில் பார்க்க வருகிறான். ஒரு வாசல் வழியே நுழைந்தவர் வீட்டின் மற்ற அறைகளையும் பார்த்துவிடுகிறார். கச்சேரி என்ற ஒரே வாசலை வைத்துக்கொண்டால், கச்சேரி கேட்கப் பழகியவர் மட்டுமே வருவார். அவர்களோ வயதானவர்கள், நானும் அவர்களில் ஒருவன்.

பேச்சினால் பயன் என்ன என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1984-ஆம் ஆண்டு ஜனவரியில் மும்பையில், இந்த என்.சி.பி.ஏ.யில், கீழ்நாட்டு மேல்நாட்டு நாட்டியக் கலைஞர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. ஜெர்மானியரின் மாக்ஸ் முல்லர் பவன் அதனை ஏற்பாடு செய்தது. ஆட்டம் மட்டும் அன்று; ஆடியவர்கள் அமர்ந்து தம் கலையைப் பற்றி வாதித்தார்கள். ஜெர்மனியிலிருந்து சூசன் லிங்கே வந்திருந்தார். ஆமதாபாத்திலிருந்து கதக் கலைஞர் குமுதினி லாகியா வந்திருந்தார். சென்னையிலிருந்து வந்தவர் சந்திரலேகா. காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்ற அவர், அதற்குமுன் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்தவர். இக்கூட்டத்தில்தான் அவர் மறுபடி நாட்டிய உலகுக்குத் திரும்பினார். அதன்பின் அவர் படைத்தவை நம் நாட்டிய மேடையையே உலுக்கின. அவற்றை விரும்பியவரும் உண்டு, வெறுத்தவரும் உண்டு; அறியாதவர் போல் இருக்க யாராலும் முடியவில்லை. வெறும் ஆட்டத்துக்கு மட்டும் அழைத்திருந்தால் அவர் வந்திருப்பாரா என்பது ஐயமே. விவாதத்துக்கு இடம் இருந்ததனால் வந்தார் என்பது என் எண்ணம்.

இது புதுமையும் அன்று. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதனோடு சேர்ந்து அகில இந்திய சங்கீத மாநாடு ஒன்று நடந்தது. அதன் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. டிசம்பரில் அங்கே மாலைக் கச்சேரிக்குக் கூடும் கூட்டத்தை எல்லாரும் அறிவர். சிற்றுண்டிச் சாலைக் கூட்டத்தை அதைவிட நன்றாக அறிவர். ஆனால் காலை வேளையில் நடப்பதைப் பலர் அறியார். வித்துவான்களும் அறிஞர்களும் கூடி, ஒரு ராகத்தின் இலக்கணம் இதுவா அதுவா என்று பாடிக் காட்டி, வாசித்துக் காட்டி, வாதிட்டு முடிவு காண்பார்கள். 1930 முதல் அவ்வாதங்களைத் தம் சஞ்சிகையில் அச்சிட்டும் வைத்திருக்கிறார்கள். காலை வகுப்பில் காது பழகிய ஒருவன் மாலைக் கச்சேரியில் கேட்பதும், சும்மா வந்து உட்கார்ந்தவன் கேட்பதும் ஒன்றல்ல. அதற்கும் முற்பட்டு நம் ஊர்க் கோயில்களில் கதாகாலட்சேபம் செய்தார்களே, தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்கள், அங்கே பாட்டையும் பேச்சையும் யார் பிரித்தார்கள்? கதையைக் கேட்க வந்த கிழவிக்கு ராகம் காதில் ஏறியது. ராகத்துக்கு வந்தவருக்குக் கதை ஏறியது.

நம் சொற்பொழிவுகளுக்கு முப்பது பேர் வருவது மெய்தான். ஏன் முப்பது பேர் வருகிறார்கள் என்று நாம் ஆராய்ந்தோமா? பேச வருகிறவர் ஒன்றரை மணி நேரம் பேசுகிறார். பாடிக் காட்டுவதில்லை, படம் காட்டுவதில்லை, கேள்விக்கு இடம் கொடுப்பதும் இல்லை. இப்படிப்பட்ட பேச்சுக்கு முப்பது பேர் வருவதே நம் காலனியாரின் பொறுமைக்குச் சான்று. என்.சி.பி.ஏ.யில் பணிபுரிந்த இசையறிஞர் அசோக் ரானடே இவ்வகையில் ஒரு முன்மாதிரி. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும்படி தொடுத்து, ஒரு மாலை முழுவதும் மக்களைக் கட்டிப்போடுவதில் அவர் வல்லவர். பேச்சைப் பாட்டிலிருந்து வெட்டித் தனியே வைத்தால் அது வாடத்தான் செய்யும்.

இனிப் படத்துக்கு வருகிறேன். இங்கே நான் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டால் செயலாளர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

1976-இல் சத்யஜித் ராய் ஒரு படம் எடுத்தார். 'பாலா' என்பது அதன் பெயர். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றியது. முப்பத்து மூன்று நிமிடங்களே ஓடுவது. அதனைத் தயாரித்தவர்கள் யார் தெரியுமா? நான் இதுவரை சொல்லிவந்த இதே என்.சி.பி.ஏ.யும் தமிழ்நாடு அரசும் சேர்ந்துதான். அப்பொழுது டாட்டா தியேட்டர் கட்டி முடியவில்லை. மண்டபம் எழுமுன்பே படம் எழுந்தது.

ராய் தம் பதினான்காம் வயதில், 1935-இல், கல்கத்தாவில் பாலசரஸ்வதியின் ஆட்டத்தைப் பார்த்தவர். அன்று அவ்வம்மைக்கு வயது பதினேழு. படம் எடுக்கும் வாய்ப்பு நாற்பதாண்டுகளுக்குப் பின்னரே கிடைத்தது. அதற்குள் அவருக்கு ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது. இளமையில் படம்பிடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. தனம்மாளின் பேத்தி, ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர், கந்தப்ப பிள்ளையின் மாணாக்கி, தாய் ஜயம்மாள் பின்னிருந்து பாட ஆடியவர், தேவதாசி மரபுக்கு எதிராகச் சமூகமும் சட்டமும் திரும்பிய நாட்களிலும் தம் கலையை விடாமல் காத்தவர். அத்தனை ஆண்டுகளும் அந்த ஐம்பத்தெட்டு வயது முகத்தில் இருக்கின்றன. படத்தில் அவர் அணிந்து ஆடும் சலங்கை, ஏழு வயதில் அரங்கேற்றத்துக்குக் கட்டிய அதே சலங்கை என்று சொல்கிறார்கள். கடற்கரையில் நின்று, குழந்தைக் கண்ணனை வாவென்று அழைக்கும் ஒரு கன்னடப் பாட்டுக்கு அபிநயம் பிடிக்கிறார். காற்று சேலையைப் பிடித்து இழுக்கிறது. பின்னால் அலை வந்துபோகிறது. அவர் கண்கள் மட்டும் கண்ணனை விட்டு அசைவதில்லை. கன்னடப் பாட்டு, ஆடியவர் தமிழ்ப் பெண்மணி, எடுத்தவர் வங்காளி, தயாரிப்பில் பங்குகொண்ட மன்றத்தை நிறுவியவர் பார்சி. இந்தியா என்று நாம் சொல்லிக்கொள்வது இதைத்தானே!

பாலசரஸ்வதி 1984-இல் மறைந்தார். அவர் ஆடியதை நேரில் கண்ட கண்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. நம் காலனியில் பரதம் கற்கும் பெண் குழந்தைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் இந்தப் படத்தைப் பார்த்தவர் எத்தனை பேர் என்று சென்ற வாரம் நாட்டிய வகுப்புக்கு வெளியே நின்று கேட்டேன். ஒருவரும் இல்லை. பாலசரஸ்வதி என்ற பெயரை அறிந்தவர் இரண்டு பேர். கைப்பேசியில் எல்லாம் கிடைக்கிறது என்று சொல்கிறோம். கிடைக்கிறது, ஆனால் தேடவேண்டுமென்று தெரிந்தவனுக்கே கிடைக்கிறது. பெயரே அறியாத பிள்ளை எதைத் தேடும்? அதற்குத்தான் ஒருவர் எழுந்து, 'இன்ன நாள், இன்ன நேரம், எல்லாரும் வாருங்கள்' என்று சொல்லவேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் வேலையைத்தான் சங்கம் செய்கிறது.

தனியே பார்ப்பதற்கும் சேர்ந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லவேண்டும். இந்தப் படத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் சிறு அரங்கு ஒன்றில் ஐம்பது பேரோடு சேர்ந்து பார்த்தேன். முடிந்ததும் விளக்குப் போட்டார்கள், ஒருவரும் எழவில்லை. பிறகு ஒரு மராத்தி மூதாட்டி, 'அந்தக் கையசைவுக்கு என்ன பொருள்?' என்று பொதுவாகக் கேட்டார். முன்வரிசையில் இருந்த ஓர் இளம்பெண் எழுந்து நின்று அதைச் செய்து காட்டினாள். அதன்மேல் ஒருவர், அதன்மேல் இன்னொருவர் என்று பேச்சு அரை மணி நேரம் வளர்ந்தது. இதை எந்தக் கைப்பேசி செய்யும்?

திரையில் ஆப்பரா பார்த்ததில் நான் கற்றது மற்றொன்று. இத்தாலிய மொழியில் பாடுவார்கள். பார்ப்பவர்களுள் அம்மொழி தெரிந்தவர் இருப்பது அரிது. ஆயினும் பாட்டின் பொருள் ஆங்கிலத்தில் கீழே ஓடிக்கொண்டே இருப்பதால் எவரும் விழிப்பதில்லை. நாமோ தெலுங்குக் கீர்த்தனையையும் சமஸ்கிருதக் கீர்த்தனையையும் இரண்டரை மணி நேரம் கேட்கிறோம். நமக்கே அரைகுறையாகப் புரிகிறது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் படித்து வளரும் நம் குழந்தைகளுக்குத் தமிழ்ப் பதிகத்தின் பொருளும் புரிவதில்லை. ஒரு தாளில் பாட்டின் கருத்தை நான்கு வரியில் அச்சிட்டு வாசலில் கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போகும்? மேல்நாட்டார் அந்நியர்க்குச் செய்யும் உபசாரத்தை நாம் நம் பேரப்பிள்ளைகளுக்குச் செய்யலாகாதா?

என்.சி.பி.ஏ.யை நான் வானளாவப் புகழ்வதாக எண்ணவேண்டா. குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அது நமக்குத் தொலைவு. செம்பூரிலிருந்து போகிறவர் துறைமுக மார்க்க ரயிலில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் நிலையம் வரை சென்று, அங்கிருந்து பேருந்து பிடிக்கவேண்டும். கச்சேரி முடியும் நேரத்தில் மனம் மங்களத்தில் நிற்பதில்லை. கடைசி வண்டியில் போய் நின்றுவிடுகிறது. அங்கே வழங்கும் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். கர்நாடக சங்கீதத்துக்கு அங்கே உள்ள இடம் இந்துஸ்தானிக்கு உள்ளதைவிடக் குறைவு என்பது நம்மவர் பலரின் மனக்குறை, எனக்கும் உண்டு. செல்வர்களின் மன்றம் என்ற பெயரும் அதற்கு இருக்கிறது. நம் காலனியிலிருந்து அங்கே போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவேதான் சொல்கிறேன்: அதன் பணத்தை நாம் பின்பற்ற முடியாது, கட்டடத்தைப் பின்பற்ற முடியாது, நிரலைப் பின்பற்றலாம். நிரலுக்குச் செலவு குறைவு.

ஒரே பெரிய கச்சேரி என்ற யோசனையையும் நான் அலட்சியம் செய்யவில்லை. பெரிய வித்துவான் வரட்டும். நாம் பெருமையோடு கேட்போம். ஆனால் அவரைக் கேட்க நாம் ஷண்முகானந்தாவுக்கே போகலாமே! அங்கே சுமார் 2,700 பேர் அமர இடமுண்டு. ஒலியமைப்பும் நம்முடையதைவிடப் பன்மடங்கு நன்று. அச்சபை செய்யும் வேலையை இருநூறு நாற்காலி உள்ள நாம் போட்டியிட்டுச் செய்வானேன்? இருநூறு நாற்காலிக்கு உரிய வேலை ஒன்று இருக்கிறது. இந்த நான்கு கட்டடங்களில் வளர்ந்த ஒரு பெண் ஆறாண்டு வயலின் கற்றிருக்கிறாள். அவளுக்கு முதல் மேடை யார் கொடுப்பார்? சிறு கச்சேரிகளை நிறுத்திவிட்டால் அவள் எங்கே வாசிப்பாள்?

பொதுக்குழுவின் முன் நான் வைக்க விரும்பும் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லி அமர்கிறேன். எட்டு நிகழ்ச்சிகள் எட்டாகவே இருக்கட்டும். சொற்பொழிவுகளைத் தனியே வைக்காமல் கச்சேரியோடு கட்டுவோம். கச்சேரிக்கு முன் இருபது நிமிடம் ஒருவர் வந்து அன்றைய பிரதான ராகத்தைப் பாடிக் காட்டிப் பேசட்டும். இருபத்தோராம் நிமிடத்தில் மணியடிக்கும் பொறுப்பை நம் செயலாளரைவிடத் திறம்படச் செய்யக்கூடியவர் இல்லை. மேடையை இப்போதுள்ள குறுகிய சுவர்ப்பக்கமிருந்து எடுத்து நீண்ட சுவர்ப்பக்கம் போட்டு, நாற்காலிகளை அரைவட்டமாய் அமைத்தால், கடைசி வரிசையில் இருப்பவரும் எட்டாவது வரிசையில்தான் இருப்பார். எதிர்ச்சுவரில் கனத்த திரைத்துணிகளைத் தொங்கவிட்டால் எதிரொலி குறையும். அதன்பின் ஒலிபெருக்கியைப் பாதியாகத் தணித்துப் பார்ப்போம்; வீணைக் கச்சேரியன்று முழுவதும் நிறுத்தியே பார்ப்போம்.

முதல் படக்காட்சிக்கு 'பாலா'வை வைக்கலாம் என்பது என் விண்ணப்பம். அதற்கு உரிமையுடையவர்களிடம் முறைப்படி எழுதி இசைவு பெறவேண்டும். அக்கடிதத்தை எழுதும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். முப்பத்து மூன்று நிமிடப் படமாகையால் ஞாயிறு மாலை ஆறரைக்குத் தொடங்கினால், குழந்தைகளின் சாப்பாட்டு நேரத்துக்கு முன் முடிந்து, பேசவும் நேரம் இருக்கும். நம் காலனியில் நாட்டியம் கற்பிக்கும் ஆசிரியை அவர்களைக் கேட்டேன். படம் முடிந்ததும் அந்தக் கடற்கரை அபிநயத்தை மெதுவாக, கை கையாகப் பிரித்துக் காட்ட இசைந்திருக்கிறார்கள். திரைக்கு வேண்டிய வெள்ளைத் துணி சென்ற ஆண்டு வாங்கியது நூலக அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. ஓரத்தில் ஒரு சிறு கிழிசல்; தைத்தால் போதும்.

இதோ, குழந்தைகள் எழுந்து நின்றுவிட்டார்கள்.